கறுப்புக் கட்டம்

ஜனவரி 6

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ கேட்ட கேள்விக்கு நான் அப்போதே பதில் சொல்லாததன் காரணம் உனக்குத் தெரியும். நலம் விசாரிக்கத் தொலைபேசி, முடிவெடுக்கக் கடிதம் என்பது நாம் வகுத்துக்கொண்ட முறை. தொலைபேசியில் பேசியதை மறுநாள் இருவரும் இரு விதமாக நினைவில் வைத்திருப்போம். தாளில் எழுதியது மாறாது.

உன் நிலைமையை நான் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறேனா என்று முதலில் பார்த்துக்கொள். இங்கே பன்னிரண்டு ஆண்டுகள் நர்ஸாகப் பணியாற்றியவள், அங்கே முதியோர் இல்லத்தில் உதவியாளராகப் போர்வை மடிக்கிறாய். ஜெர்மன் மொழியில் பி-2 என்னும் நிலைத் தேர்வில் தேறினால்தான் உன் நர்ஸ் பட்டத்தை அங்கே ஏற்பார்கள். இரண்டாம் மாடியில் காலியாகும் நர்ஸ் பதவியைச் செப்டம்பர் முப்பதாம் நாள் வரை உனக்காக நிறுத்திவைப்பதாக மேட்ரன் எழுத்தில் உறுதி கொடுத்திருக்கிறார். அதற்குப் பின் அது வேறொருவருக்கு. ஆக, நம் கையில் இருப்பது ஏறக்குறைய ஒன்பது மாதம்.

வழிகள் இரண்டு. ஒன்று, உங்கள் ஊர் நூலகத்தின் மேல்மாடியில் நடக்கும் நேரடி வகுப்பு. மற்றொன்று, இணையவழி வகுப்பு. இரண்டையும் பன்னிரண்டு இனங்களில் ஒப்பிட்டு, இனத்துக்குப் பத்து மதிப்பெண் வீதம் அட்டவணை தயாரித்து இத்துடன் இணைத்துள்ளேன். நூலகத்துக்குப் பேருந்தில் ஐம்பது நிமிடம், பனி விழும் நாளில் எழுபது. உன் பணி நேரம் மாறிக்கொண்டே இருப்பதால் நான்கில் ஒரு வகுப்பு தவறும். குறிப்பாக எட்டாம் இனத்தைப் பார். இணையவழியில் ஒவ்வொரு பாடமும் படமும் ஒலியுமாகப் பதிவாகிறது. வேண்டும்போது திரும்பக் கேட்கலாம். நூலகத்தில் சொன்ன சொல் சொன்னதோடு சரி. ஆகவே இணையவழிக்குப் பத்து, வகுப்பறைக்குச் சுழியம்.

மொத்தம்: இணையவழி 91, வகுப்பறை 64. ஜெர்மானிய லிஃப்டுகளின் கையேடுகளைப் படிப்பதற்காக இளமையில் அந்த மொழியை எழுத்துக்கூட்டிக் கற்றவன் என்ற முறையில் பாடத்திட்டத்தையும் பார்த்தேன், குறை இல்லை. நேற்று உன் பெயரைப் பதிவு செய்துவிட்டேன். உன் கருத்தைத் தெரிவிக்கவும். பதிவை ரத்து செய்யக் கடைசி நாள் ஜனவரி 14.

இவண்,
அண்ணன்


ஜனவரி 18

அண்ணா,

கடிதம் வந்துச்சு, அட்டவணையும் வந்துச்சு. ரத்து பண்ணக் கடைசி நாள் பதினாலுன்னு போட்டிருக்கீங்க. கவர் என் கைக்கு வந்ததே பதினேழாம் தேதி. லிஃப்டை மேல அனுப்பிட்டு, கீழ நிக்கிறவளைப் பார்த்து "உன் விருப்பம்மா, ஏறணும்னா ஏறிக்கோ"ன்னு சொல்ற மாதிரி இருக்கு. லிஃப்ட் இன்ஸ்பெக்டரே இப்படிச் செய்யலாமா?

கோபமில்லை. சிரிப்புதான் வந்துச்சு. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். போன வியாழக்கிழமை டூட்டி முடிஞ்சு அந்த நூலகத்துக்கு நானே போய்ப் பார்த்தேன். மேல்மாடி, கதவுல கண்ணாடி. ஒரு மேசைக்கு ரெண்டு பேரா உட்கார்ந்திருந்தாங்க. ஹீட்டர் மேல எல்லாரோட கையுறையும் வரிசையாக் காயுது. ஒரு அம்மா கண்ணாடியை மறந்துட்டு வந்திருக்காங்க போல. பக்கத்துல இருக்கறவ புத்தகத்தைப் படிச்சுச் சொல்றா. தப்பாப் படிச்சா போல, ரெண்டு பேரும் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறாங்க. என்ன ஜோக்குன்னு எனக்குத் தெரியல. வெளியில நின்னு நானும் சிரிச்சேன்.

உங்க பன்னிரண்டு வரிசைல "பக்கத்துல ஒரு ஆள்"ங்கிற வரிசை இல்லண்ணா. "பாப்பா என்ன நினைக்கிறா"ங்கிறதும் இல்ல.

நான் தபால்ல பி.காம். படிச்சவ. பதினெட்டு வயசுல வெளியூர் நர்ஸிங் ஸ்கூல்ல இடம் கிடைச்சது. நீங்க போய்ப் பார்த்துட்டு வந்து, விடுதிக்குத் தீயணைப்புச் சான்றிதழ் இல்ல, விதிப்படி அங்க தங்க வைக்க முடியாதுன்னு சொன்னீங்க. அம்மா வேற அப்போதான் படுக்கையில விழுந்திருந்தாங்க. ஏழு வருஷம் கழிச்சு, அம்மா போனப்புறம், உள்ளூர்லயே நர்ஸிங் சேர்ந்தேன். கூடப் படிச்ச பொண்ணுங்க எல்லாம் "அக்கா, உட்காருங்கக்கா"ன்னு எழுந்து இடம் விட்டுச்சுங்க. "ஏய், தள்ளி உட்காருடீ"ன்னு சொல்ல எனக்கு ஒருத்தியும் வாய்க்கல. அதான் அந்தக் கண்ணாடிக் கதவு முன்னாடி கொஞ்சநேரம் நின்னுட்டேன்.

விடுங்க. தொண்ணூத்தொண்ணு பெரிசா, அறுபத்துநாலு பெரிசான்னு எனக்கும் தெரியும். செவ்வாய், வியாழன், சனி, காலைல எட்டு மணி. கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்துக்கறேன்.

பாப்பா
(வயசு நாற்பத்தொண்ணு. சும்மா ஞாபகப்படுத்தினேன்.)


மார்ச் 9

அண்ணா,

நீங்க ஜெயிச்சீங்க. எழுதி ஃபைல்ல வச்சுக்கோங்க. இந்தக் கம்ப்யூட்டர் வகுப்பு நான் நினைச்ச மாதிரி இல்ல.

டீச்சர் நல்லவங்க. தப்பாப் பேசினா திருத்துவாங்க, ஆனா பேசி முடிக்கிற வரைக்கும் காத்திருப்பாங்க. ஒரு பேக்கரிக்காரர் வர்றார், காமிரா மேல எப்பவும் மாவு. அவர் முகமே பனிமூட்டத்துல தெரியிற மாதிரி இருக்கும். பஸ் ஓட்டுற அம்மா ஒருத்தங்க, பஸ்ஸை டிப்போவுல நிறுத்திட்டு ஸ்டியரிங்ல போனைச் சாய்ச்சு வச்சுப் படிக்கிறாங்க. ஒருநாள் மறந்து ஹாரன்ல கையை வச்சுட்டாங்க. டீச்சர் நாற்காலியோட பின்னால போனாங்க.

அப்புறம் ஒரு கறுப்புக் கட்டம் இருக்கு. முகம் கிடையாது, குரல் கிடையாது, பேர் இருக்க வேண்டிய இடத்துல "பங்கேற்பாளர் 14"னு மட்டும் இருக்கு. நான் அஞ்சு நிமிஷம் முன்னாடி நுழைஞ்சா, அது எனக்கு முன்னாடியே வந்து உட்கார்ந்திருக்கும். முடிஞ்சு எல்லாரும் கையாட்டிட்டுப் போனப்புறமும் அது மட்டும் நிக்கும். "கேட்க மட்டும் வர்றவர், தொந்தரவு பண்ணாதீங்க"ன்னு டீச்சர் சொல்லிட்டாங்க. பஸ் அம்மா அதுக்குப் பேய்னு பேர் வச்சிருக்காங்க. எனக்கு என்னமோ பாவமா இருக்கும். பேசக் கூச்சப்படற ஆள் போல. அதனால நான் மட்டும் தினம் எல்லாருக்கும் சொல்லிட்டு, கடைசியா அதுக்கும் ஒரு காலை வணக்கம் சொல்லிடுவேன். பதில் வராது. வரலைன்னா என்ன?

இன்னொண்ணு. இங்க எனக்கு நாக்கு நல்லாப் புரளுது. ஏன்னு யோசிச்சேன். நம்மாள் ஒருத்தரும் இல்லாத இடம். தமிழ்ல சொல்ல வந்தா தொண்டையில நிக்கிறதெல்லாம் ஜெர்மன்ல சரசரன்னு வெளிய வருது. தப்பாச் சொன்னா இலக்கணத்தைத் திருத்துவாங்க. உண்மையைச் சொன்னாலும் அது அவங்களுக்கு ஒரு பயிற்சிதான். ரொம்ப நிம்மதியா இருக்குண்ணா.

பாப்பா


மார்ச் 21

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதம் மகிழ்ச்சி தந்தது. மதிப்பீடு பிழையில்லை என்பது உறுதியானதில் நிறைவு.

முகம் காட்டாத ஒருவரைப் பேய் என்பது நாகரிகமன்று. முகத்தைக் காட்டாமலிருக்க அவருக்கு விதிப்படி ஏதேனும் காரணம் இருக்கலாம். நீ அவருக்கு வணக்கம் சொல்வது நல்ல பழக்கம், தொடர்க.

எழுத்துப் பயிற்சியில் கவனம் தேவை. நீ பேச்சில் விரைகிறாய், எழுத்தில் பின்தங்குகிறாய் என்று கருதுகிறேன். வியாழக்கிழமைக் கட்டுரைகளைத் தவறவிடாதே.

இங்கே சிறப்பாகச் சொல்ல ஒன்றுமில்லை. அலுவலகத்தில் இரைச்சல் மிகுதியாக இருப்பதால் உணவு இடைவேளையை இப்போதெல்லாம் அந்தந்தக் கட்டடத்தின் மொட்டைமாடியில், லிஃப்டின் இயந்திர அறையில் கழிக்கிறேன். பரிசோதனைக்காக நிறுத்தப்பட்ட இயந்திரத்தின் பக்கத்தில் நல்ல அமைதி.

இவண்,
அண்ணன்


மே 5

அன்புள்ள பாப்பாவுக்கு,

இக்கடிதத்தில் செய்தி ஒன்றே. அதை இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் எழுதியிருக்க வேண்டும்.

நர்ஸிங் பள்ளியின் விடுதிக்குத் தீயணைப்புச் சான்றிதழ் இருந்தது. நான் பார்த்தேன். காலாவதியாக இன்னும் பதினான்கு மாதம் இருந்தது. படிக்கட்டின் அகலத்தைக்கூட அளந்தேன். விதி கேட்பதைவிட நான்கு அங்குலம் கூடுதல். வீடு திரும்பும் வழி நெடுகிலும் ஒரு குறையைத் தேடிக்கொண்டே வந்தேன். கிடைக்கவில்லை. ஆகவே இல்லாத குறையைச் சொன்னேன்.

காரணம் அம்மா. அம்மாவைத் தூக்கி உட்கார வைக்கவும், துணி மாற்றவும், இரவு பகல் பாராமல் பக்கத்தில் இருக்கவும் என்னால் முடியாது என்று எனக்குத் தெரிந்திருந்தது. பயமாக இருந்தது என்று உன்னிடம் சொல்லியிருக்கலாம். நீ ஒருவேளை நீயாகவே இருந்திருப்பாய். ஒருவேளை போயிருப்பாய். அந்த இரண்டாவது வாய்ப்பை நான் உனக்குத் தரவில்லை.

இருபத்தேழு ஆண்டுப் பணியில் நான் கையெழுத்திட்ட அறிக்கைகள் ஒன்பதாயிரத்துக்கு மேல். அவற்றில் ஒன்றுகூடப் பொய்யில்லை. கையெழுத்திடாமல் வாயால் சொன்ன அந்த ஒன்று மட்டுமே பொய்.

மன்னிப்புக் கேட்கும் தகுதி பற்றி இப்போது எழுதவில்லை. உண்மை உன்னிடம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக மட்டும் எழுதுகிறேன்.

அண்ணன்


மே 17

அண்ணா,

உங்க கடிதம் நேத்து வந்தது. முதல் தடவை படிச்சுட்டு அழுதேன். மனுஷன் கடைசியில சொல்லிட்டாரேன்னு. ரெண்டாவது தடவை படிக்கும்போது மேல போட்டிருந்த தேதியைப் பார்த்தேன்.

மே அஞ்சு.

மே மூணாம் தேதி வகுப்புல டீச்சர் ஒரு பயிற்சி கொடுத்தாங்க. நெருங்கின ஒருத்தர்கிட்ட இதுவரைக்கும் சொல்லாத ஒரு விஷயத்தை ரெண்டு நிமிஷம் பேசணும். பேக்கரிக்காரர் அவர் முதலாளியோட ரொட்டி பிடிக்காதுன்னு சொல்லிச் சிரிக்க வச்சார். நான் உங்களைப் பத்திப் பேசினேன். சான்றிதழ் இல்லைன்னு நீங்க சொன்ன அந்த வாரமே நான் தனியா பஸ் ஏறி அந்த விடுதிக்குப் போனதையும், வார்டன் நாற்காலிக்குப் பின்னால, கடிகாரத்துக்குப் பக்கத்துல, அந்தச் சான்றிதழ் சட்டம் போட்டுத் தொங்கினதையும் சொன்னேன். திரும்பி வந்து உங்ககிட்ட மூச்சு விடலைன்னும் சொன்னேன். ஏன்னு டீச்சர் கேட்டாங்க. "என் அண்ணன் விதியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற ஆள். அது பொய்னு சொல்லி அதைப் பிடுங்கிட்டா அவர் விழுந்துடுவார். அம்மா ஏற்கெனவே படுக்கையில. ரெண்டு பேரை என்னால தூக்க முடியாது"ன்னு சொன்னேன்.

இருபத்துமூணு வருஷம் திறக்காத வாய் ரெண்டே நாள்ல எப்படித் திறந்துச்சுண்ணா?

வியாழக்கிழமைக் கட்டுரையை நான் விட்டது உங்களுக்கு எப்படித் தெரியும்னு மார்ச்லயே யோசிச்சிருக்கணும். இயந்திர அறையில அமைதியா இருக்குன்னு எழுதினீங்களே. இங்க காலை எட்டு மணின்னா உங்களுக்கு மத்தியானம் சாப்பாட்டு நேரம். நான் ஒரு மக்கு.

பங்கேற்பாளர் 14 நீங்கதானே?

அம்மா சாகிற வரைக்கும், அதுக்கப்புறமும், அதை நான் மறைச்சு வச்சது உங்களுக்காக. நீங்க ஒளிஞ்சு நின்னு கேட்டது யாருக்காக? எனக்குன்னு ஒரு இடம் இருந்துச்சு. ஒன்றரை மணி நேரம், வாரத்துல மூணு நாள். அதுலயும் நீங்க எனக்கு முன்னாடியே வந்து உட்கார்ந்துட்டீங்க. அந்தக் கட்டத்தைப் பார்த்துப் பாவம்னு வேற நினைச்சேன்.

நான் அந்த வகுப்புக்கு இனிமே போகல. நூலகத்துல கேட்டேன். பாடம் பாதி ஓடிடுச்சு, ஜூன் நடுவுல வேற குழு ஆரம்பிக்கும், அதுல சேர்ந்தா செப்டம்பர் தேர்வுக்கு எழுத்துப் பகுதி முழுசா முடியாதுன்னு சொன்னாங்க. பரவாயில்லைன்னு பேர் கொடுத்துட்டேன். இந்தத் தடவை நானே கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணாதீங்க. எடுக்க மாட்டேன்.

தங்கை


மே 29

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கேள்விக்கு விடை: ஆம்.

1. இணையவழி வகுப்பின் ஒன்பதாம் விதிப்படி, பதிவு செய்தவரின் குடும்பத்தினர் ஒருவர் முகமும் குரலும் காட்டாமல் கேட்பவராக அமரலாம். அவ்விதியின் கீழேயே நான் சேர்ந்தேன்.

2. பதிவு செய்தவருக்கு அதைத் தெரிவிக்க வேண்டும் என்று விதியில் இல்லை. இல்லாததால் தெரிவிக்கவில்லை.

3. நோக்கம், நீ வகுப்புகளைத் தவறவிடாமல் பார்த்துக்கொள்வது.

எண் இட்டு எழுதத் தொடங்கினேன். மூன்றுக்கு மேல் ஓடவில்லை. மூன்றாவதும் முழு உண்மையில்லை.

உன்னைக் கண்காணிக்கத்தான் சேர்ந்தேன். அது இரண்டு வாரம். மூன்றாம் வாரத்தில் நீ யாரோ ஒரு பேக்கரிக்காரரோடு சேர்ந்து சிரித்தாய். வீட்டில் நீ அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. அதற்குப் பிறகு உன் வருகையை நான் குறிக்கவில்லை. குறிப்பேட்டில் அதற்கு மேல் உள்ள பக்கங்கள் காலி. நீ போன பின் இந்த இரண்டு அறை வீட்டில் நான் பேசினால் நானே பதில் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசியில் நீ என்னோடு பேசுவாய். ஆனால் என்னிடம் பேசுவதுபோல் பேசுவாய். அங்கே நீ நீயாகப் பேசினாய். உணவு இடைவேளை ஒரு மணி. மீதி அரை மணிக்கு ஒவ்வொரு முறையும் அனுமதி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே அலுவலகம் திரும்பிய நாள்கள் உண்டு.

நீ எனக்கு நாற்பத்து மூன்று முறை வணக்கம் சொன்னாய். ஒவ்வொரு முறையும் பதில் சொன்னேன். ஒலி அணைக்கப்பட்டிருந்தது.

மே மூன்றாம் நாள் நீ பேசியதை உடனே நான் முழுமையாகப் புரிந்துகொள்ளவில்லை. கையேடு படித்துக் கற்றவனுக்கு அவ்வளவு வேகம் போதாது. அண்ணன், விதி, சான்றிதழ் என்ற சொற்கள் மட்டும் பிடிபட்டன. பதிவை எடுத்து, அகராதியோடு பதினொரு முறை கேட்டேன். எட்டாம் இனத்தில் நான் பத்து மதிப்பெண் கொடுத்த அதே பதிவு. நான் விழுந்துவிடுவேன் என்று நீ சொன்ன வாக்கியம் மிக எளிய வாக்கியம். அதைத்தான் கடைசியாகப் புரிந்துகொண்டேன்.

வகுப்பு நடத்தும் அலுவலகத்துக்கு என்மேல் நானே புகார் எழுதினேன். விசாரித்துவிட்டு, விதி ஏதும் மீறப்படவில்லை, கவலை வேண்டாம் என்று பணிவோடு பதில் அனுப்பியிருக்கிறார்கள். அதைப் படித்தபோதுதான் எனக்கு உண்மையில் வெட்கமாக இருந்தது.

செப்டம்பர் முப்பது நெருங்குகிறது. என்மேல் உள்ள கோபத்துக்காக அந்தப் பதவியை இழந்துவிடாதே. இணைய வகுப்புக்கே திரும்பு, நான் விலகிவிடுகிறேன். இது அறிவுரையன்று. வேண்டுகோள்.

அண்ணன்


ஜூலை 30

அன்புள்ள பாப்பாவுக்கு,

பதில் எதிர்பார்த்து எழுதவில்லை. நடந்ததைத் தெரிவிக்க மட்டும்.

நீ திரும்பி வருவாய் என்று எண்ணி உன் இடத்தை ரத்து செய்யாமல் வைத்திருந்தேன். உன் இடம் இருந்தால்தான் கேட்பவன் இடமும் இருக்கும் என்பது விதி. ஆகவே நானும் போய் உட்கார்ந்தேன். நீ வரவில்லை. நேற்று கடைசி வகுப்பு.

பாடம் முடிந்து, யாராவது ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று ஆசிரியை கேட்டார். கேட்பவர் பேசக் கூடாது என்பது ஒன்பதாம் விதியின் இரண்டாம் பகுதி. நான் காமிராவையும் ஒலியையும் திறந்தேன். ஓட்டுநர் அம்மா, "அடடே, பேய்க்கு மூக்குக்கண்ணாடி!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கிறேன், பதிவில் தெரிகிறது.

வாழ்க்கையில் முதல் முறையாக ஜெர்மனில் வாய் திறந்து பேசினேன். நான்கு வாக்கியம். "மே மாதத்தில் உங்கள் வகுப்பிலிருந்து ஒருவர் நின்றுவிட்டார். அவர் என் தங்கை. அவர் தினமும் எனக்கு வணக்கம் சொன்னார். அவர் நின்றது என்னால்."

ஆசிரியை ஒரு சொல்லின் உச்சரிப்பைத் திருத்தினார். வேறு எதையும் திருத்தவில்லை. பேக்கரிக்காரர் காமிராவைத் துடைத்துவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

அந்த வகுப்பின் பதிவு என்னிடம் இருக்கிறது. உனக்கு அனுப்ப எடுத்து, பின் அனுப்பவில்லை. உன் அனுமதியில்லாமல் உன் குரலைக் கேட்டவன், உன் அனுமதியில்லாமல் என் குரலை உனக்கு அனுப்புவதும் அதே தவறுதான் என்று பட்டது. மே மூன்றாம் நாள் பதிவை அழித்துவிட்டேன்.

அண்ணன்


அக்டோபர் 11

அண்ணா,

ரெண்டு கடிதமும் வந்துச்சு. உடனே எழுதியிருந்தா வேற மாதிரி எழுதியிருப்பேன். அதான் தள்ளிப் போட்டேன்.

முதல்ல ரிசல்ட். தேர்வு நாலு பகுதி. படிப்பது, கேட்பது ரெண்டும் பாஸ். பேச்சுல நூத்துக்குத் தொண்ணூத்துநாலு. எழுத்துல நாலு மார்க்குல போச்சு. ஒண்ணு போனாலும் சான்றிதழ் கிடையாது. எழுத்தை மட்டும் ஜனவரியில திரும்ப எழுதலாம்.

மேட்ரன் நல்லவங்கதான். ஆனா அவங்களுக்கும் செப்டம்பர் முப்பதுதான் முப்பது. ஒண்ணாம் தேதி இரண்டாம் மாடிக்குப் புது நர்ஸ் வந்தாச்சு. சின்னப் பொண்ணு, ஊசி போடும்போது கை நடுங்குது. நான் பக்கத்துல நின்னு போர்வை மடிக்கிறேன். இங்க என்னை விட நல்லா மடிக்க ஆளில்லைன்னு பேரு வாங்கியிருக்கேன்.

அந்த நாலு மார்க்குக்கு நீங்கதான் காரணம்னு எழுதினா உங்களுக்கு ஒருவிதத்துல நிம்மதியா இருக்கும். உங்க மேல நீங்களே புகார் கொடுத்தும் தண்டனை கிடைக்கலைன்னு எழுதினீங்களே. அதனால எழுத மாட்டேன். பாதி வழியில வண்டி மாறினது நான். மாறாம இருந்திருந்தா பாஸ் பண்ணியிருப்பேன், அதுவும் தெரியும். மாறினதுக்கு வருத்தம் இருக்கு. மாறாம இருந்திருக்க முடியாதுங்கறதும் இருக்கு. ரெண்டையும் வச்சுக்கிட்டுதான் இருக்கேன்.

நூலகத்துல என் பக்கத்துல உட்கார்றவ துணி வெளுக்கிற ஃபாக்டரில வேலை பார்க்கிறா. என்னைவிட ரெண்டு வயசு பெரியவ. முதல் நாளே பையைத் தூக்கி என் மேசைல பாதியைப் பிடிச்சுக்கிட்டு, முழங்கையால இடிச்சு, "தள்ளு"ன்னா. அவளுக்கு அப்போ தெரிஞ்ச ஜெர்மன் அவ்வளவுதான். எனக்கு என்ன வயசுன்னு அவ கேட்கவே இல்ல. நான் தள்ளி உட்கார்ந்தேன்.

இப்போ பேச்சுத் தேர்வு. ஒரு பெட்டிக்குள்ள கையை விட்டு ஒரு சீட்டு எடுக்கணும். எனக்கு வந்தது "குடும்பத்தில் ஒருவர்". சிரிப்பு வந்துச்சு, நிஜமா. அம்மாவைப் பத்திப் பேசியிருக்கலாம். வாயைத் திறந்தா நீங்க வந்தீங்க. அஞ்சு நிமிஷம்னாங்க, ஏழு நிமிஷம் பேசினேன். தேர்வு வைக்கிறவங்க ரெண்டு பேர். மணி பார்க்க வேண்டியவர் பார்க்கல. முடிஞ்சதும் இன்னொருத்தர், கேட்கக் கூடாத கேள்விதான், "அவர் இப்போது உயிரோடு இருக்கிறாரா?"ன்னு கேட்டார். இருக்கார்னு சொன்னேன்.

என்ன பேசினேன்னு உங்களுக்குச் சொல்லப் போறதில்லண்ணா. நல்லதா கெட்டதான்னும் சொல்ல மாட்டேன். அந்த அறையில காமிரா இல்ல, மைக் இல்ல. சொன்ன சொல் சொன்னதோடு சரி. உங்க அட்டவணைல எட்டாவது வரிசையில வகுப்பறைக்கு நீங்க போட்ட சைபர் அதுதான். அந்த சைபர் எனக்கு வேணும். அதை நான் எடுத்துக்கிட்டேன்.

உங்க நாலு வாக்கியத்தோட பதிவையும் அனுப்ப வேண்டாம். நீங்க எழுதினதே போதும். உச்சரிப்பைத் திருத்தினாங்கன்னு படிச்சப்போ மட்டும் டீச்சர் முகம் கண் முன்னாடி வந்துச்சு.

ஞாயிற்றுக்கிழமை போன் இனிமே வேண்டாம். தோணும்போது நானே பண்றேன். என்ன கிழமை, எத்தனை மணின்னு கேட்காதீங்க.

சாப்பாட்டு டப்பாவைத் திறந்து சாப்பிடுங்க.

பாப்பா


அக்டோபர் 23

அன்புள்ள பாப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீ என்ன பேசினாய் என்று கேட்கமாட்டேன். கிழமையும் கேட்கமாட்டேன்.

ஜனவரித் தேர்வு குறித்து என்னிடம் மூன்று யோசனைகள் இருந்தன. எழுதி, கிழித்துவிட்டேன்.

அட்டவணையைத் திருத்த எடுத்தேன். பதின்மூன்றாவது இனமாக "பக்கத்தில் ஒரு ஆள்" என்று சேர்த்து, வகுப்பறைக்குப் பத்து இட்டேன். பதினான்காவதாக "பாப்பா என்ன நினைக்கிறாள்" என்று எழுதினேன். அதற்கு மதிப்பெண் இடுவது என் வேலையன்று. பின் எட்டாம் இனத்துக்கு வந்தேன். வகுப்பறைக்கு நேரே இருந்த சுழியத்தை அடித்தேன். அதற்குப் பதில் எந்த எண்ணை இடுவது என்று பேனாவைப் பிடித்தபடி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஏழு நிமிடம் நீ என்னைப் பற்றிப் பேசியிருக்கிறாய். அது எவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

அண்ணன்